துபாஷியும் பட்லரும்

‘பட்லர் இங்கிலீஷ்’ என்று சொல்லி நம் எழுத்தாளர்கள் எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்! கதையிலும் சினிமாவிலும் கைதட்டல் வாங்குகிற சரக்கு அது. வெள்ளைக்காரனோடு பேசிய இன்னொருவர் துபாஷி. அவருக்கு வரலாற்றில் நாற்காலி உண்டு. துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு பொக்கிஷமாகப் போற்றப்படுகிறது. பட்லர் பேச்சு மட்டும் ஏன் ஜோக்காச்சு?

அந்நியரோடு யார், எந்த அறையில் பேசுவது என்பதைத் தீட்டுதான் தீர்மானித்தது. கணக்கு, வியாபாரம், தூது என்றால் சாதி இந்து முன்வாசலில் நிற்பான். மாட்டுக்கறி சமைக்க, எச்சில் தட்டு கழுவ, கக்கூஸ் சட்டி எடுக்க வரமாட்டான். பரங்கியர் பெயரையே சுமக்கிற பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருந்த பட்டாளத்து வீடுகளில் குசினி நம்மாளுகளுக்கு வந்தது இப்படித்தான். துரைக்கும் இது வசதி. அவன் சாதியை ஒழிக்கக் கப்பல் ஏறி வரவில்லை.

எங்க ஆயா பல்லாவரத்தில் ஒரு துரைசானி வீட்டில் பிள்ளை பார்த்தவர். “‘கமிங்’னா வரப்போறாங்க, ‘டன் கம்’னா வந்துட்டாங்க, அவ்ளோதான்டா” என்பார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் சென்னை வேலைக்காரர்களின் ஆங்கிலத்தில் இதே விதியைக் குறித்து வைத்திருக்கிறது. விதி இருக்கிற பேச்சைக் கொச்சை என்கிறவர்கள் பேசுகிறவரின் சாதியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) எழுதி வைத்த செய்தி ஒன்று உண்டு. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைப்பிரதியை எல்லிஸ் துரையிடம் கொடுத்தார், அது அச்சேறியது என்கிறார். குறளை அந்நியர் கையில் சேர்த்தது ஒரு பட்லர்! குறளுக்கு விழா எடுக்கிற மேடைகளில் இந்தப் பேரைக் கேட்டிருக்கிறோமா? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்குப் பண்டிதரின் பேர்தான். தினமும் அங்கே சீட்டு வாங்க நிற்கிறவர்களில் கந்தப்பனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இது பழங்கதையில்லை. சில வருஷம் முன்னால் தாம்பரம் பக்கத்தில் எங்க சேரிக்கு ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் வந்தார். கூட்டி வந்த தொண்டு நிறுவனத்துக்காரர்தான் மொழிபெயர்ப்பு. சுடுகாட்டுப் பாதையை அடைச்சது யாரு, என்ன சாதின்னு ஒரு அக்கா பத்து நிமிஷம் சொன்னாங்க. இங்கிலீஷில் போனது ‘பாதைப் பிரச்சினை இருக்கிறது’ என்ற ஒற்றை வரி. சாதி நடுவழியிலேயே காணாமப் போச்சு. அக்காவுக்கு அது புரிஞ்சுது. “நோ சார்! காஸ்ட் பீப்பிள் ரோடு குளோஸ்!” என்றாங்க. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆய்வாளர் அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

நம்மைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல இன்றும் துபாஷிகள் இருக்கிறார்கள். அவர்கள் எதை விடுகிறார்கள் என்று கவனிப்பது விமர்சனத்தின் வேலை. பட்லரும் ஆயாவும் குசினிக்காரரும் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள்.