'கிரீவ்' என்னும் ஆங்கில வினை: பொருளும் பெயர்ப்பும்

துயரம் குறிக்கும் ஆங்கில வினைகளுக்கெல்லாம் வருந்து, துயருறு, துக்கி என ஒரே சொற்களை முன்பின்னாக அடுக்குவது இருமொழி அகராதிகளில் காணப்படும் வழக்கம். 'கிரீவ்' என்னும் வினையில் இது பிழைக்கே வழிவகுக்கிறது. இங்குச் சிக்கல் துயரத்தின் அளவைப் பற்றியதன்று; துயருறுபவர் யார் என்பதைப் பற்றியது.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். 'கனமான' என்னும் பொருளுடைய பெயரடையினின்று 'சுமையேற்று' என்னும் வினை தோன்றிப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. எனவே ஒருவருக்குத் தீங்கிழைத்தல், அவரை வருத்துதல் என்பனவே இதன் பழம்பொருள்கள். 'கிரீவன்ஸ்' என்னும் பெயர் இன்றும் துயரத்தை விடுத்து முறையீட்டுக்குரிய குறையையே சுட்டுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலுள்ள 'கிரீவஸ் ஹர்ட்' தமிழில் 'கொடுங்காயம்' எனப்பட்டதும் இதனாலேயே. (2024இல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அத்தொடர் நீடிக்கிறது.)

பின்னர் இவ்வினை செயப்படுபொருள் குன்றியதாகவும் வழங்கலாயிற்று. அப்போது இழந்த பொருளைச் சுட்ட 'ஃபார்', 'ஓவர்' போன்ற முன்னிடைச்சொற்கள் வேண்டியிருந்தன. அண்மைக் காலத்தில் அவையின்றி, இழந்தவரையே செயப்படுபொருளாக நிறுத்தும் வழக்கு பெருகியுள்ளது. விளைவாக, 'ஷி கிரீவ்டு ஹர் மதர்' என்னும் வாக்கியம் இரு பொருள் தருகிறது: மகள் தாய்க்குத் துயர் விளைவித்தாள், அல்லது மகள் இறந்த தாயை எண்ணித் துயருற்றாள். 'மோர்ன்' என்னும் வினையில் இம்மயக்கம் இல்லை. அதன் செயப்படுபொருள் என்றும் இழப்புக்குரியதே. துக்கம் காத்தல் என்னும் புறச்சடங்கையும் அது தழுவும்.

இத்தாலிய மொழியின் உளநிலை வினைகளைப் பெல்லெட்டியும் ரிட்சியும் 1988இல் மூவகைப்படுத்தினர். உணர்வை அனுபவிப்பவர் எழுவாயாக வருவது ஒன்று. செயப்படுபொருளாக வருவது மற்றொன்று. நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான வடிவில் வருவது இன்னொன்று. ஆங்கிலத்தின் இந்த ஒரு வினை வடிவம் முதலிரண்டு வகைகளிலும் அடங்குகிறது. தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு: 'வருந்து' தன்வினை, 'வருத்து' பிறவினை, 'எனக்கு வருத்தம்' என்பது நான்காம் வேற்றுமை அமைப்பு. மெல்லின மெய்க்கும் வல்லின மெய்க்கும் உள்ள வேறுபாடே தமிழில் துயருறுபவரைக் காட்டிவிடுகிறது.

பிழை நேர்வது இவ்விடத்தில்தான். மூலத்தின் செயப்படுபொருளை இரண்டாம் வேற்றுமையாகவே காக்க முனையும் மொழிபெயர்ப்பாளர் 'தாயை வருந்தினாள்' என எழுத இயலாது. அது தமிழ் ஆகாது. வேற்றுமையுருபைக் காக்க வினையை மாற்றினால் 'தாயை வருத்தினாள்' என்றாகும். தாயை இழந்து அழுபவள் தாயைத் துன்புறுத்தியவளாகி விடுகிறாள். 'எண்ணி', 'நினைந்து' போன்றதொரு வினையெச்சம் சேர்த்தாலன்றி இது தீராது. 'துக்கப்படுத்து' என்னும் பிறவினை துயர் விளைவிக்கும் பொருளுக்கு மட்டுமே உரியது. தமிழ் விவிலியம் அதனை அவ்வாறே ஆள்கிறது.

'இட் கிரீவ்ஸ் மீ' என்னும் வாய்பாட்டை 'எனக்கு வருத்தமளிக்கிறது' எனப் பெயர்ப்பது பிழையன்று, அலுவல் நடை. 'கூற வருந்துகிறேன்' என்பதே இயல்பு. அகராதியில் இவ்வினைக்கு இரு தனிப் பதிவுகள் தேவை. ஒவ்வொன்றிலும் பொருளுக்கு முன்னதாக, துயருறுபவர் எழுவாயா செயப்படுபொருளா என்பது குறிக்கப்பட வேண்டும்.