மண்ணில் வடித்த பாலியம்: ஜி. ரெகுவின் சிற்பங்கள் பற்றிய ஒரு நோக்கு

குழந்தையைக் களிமண்ணில் வடித்தல் தமிழர்க்குப் புதிதன்று. புதுக்கோட்டை வட்டாரத்தில் பிள்ளைவரம் வேண்டியோர் ஐயனார் கோயிலுக்கு ‘மதலை’ எனும் சுடுமண் குழந்தையை நேர்ந்தளிப்பர். வேளாரின் கைத்திறன் அதில் உண்டு. ஆயினும் அது புலப்படுத்துவது பெற்றோரின் வேட்கையையே. குழந்தையின் அகம் அங்கு இடம்பெறுவதில்லை.

1959இல் கேரளத்திற் பிறந்த ஜி. ரெகு வேறுபடுவது இவ்விடத்திலேதான். 1982இல் தொடங்கப்பெற்ற போபால் பாரத் பவனின் மட்கலைப் பட்டறையில் பணியாற்றியவர் அவர். கிராமத்துச் சிறுவர் சிறுமியரையும் உழைக்கும் மக்களையுமே அவர் பெரிதும் வடித்துள்ளார். பருத்த அங்கங்கள், உருண்ட தலை, தடித்த உதடுகள், பகட்டில்லாத மண்ணிறம் ஆகியன அவரது உருவங்களின் இயல்புகள். நாட்காட்டிப் படங்களின் குழந்தை, பார்ப்போரை மகிழ்விக்கவே சிரிக்கின்றது. ரெகுவின் சிறுவனோ நம்மைப் பொருட்படுத்தாது தன்னுள் ஆழ்ந்திருக்கின்றான். இரக்கத்தையோ கொஞ்சலையோ அவன் வேண்டுவதில்லை.

இவ்வுணர்வுக்கும் ஊடகத்துக்கும் தொடர்புண்டு. தடித்த களிமண்ணில் தங்கும் ஈரம் சூளையில் ஆவியாகி உருவத்தையே பிளந்துவிடும். ஆதலின், உள்ளே வெற்றிடம் விட்டே இத்தகைய உருவங்கள் வனையப்படுகின்றன. 1200 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில் அவை கல்லென இறுகுகின்றன. பெரும்பாரமாய்த் தோன்றும் அவ்வுடல் உண்மையில் ஒரு மெல்லிய சுவரே. பாலியத்தின் உறுதியையும் நொய்ம்மையையும் ஒருங்கே உணர்த்த இதனினும் பொருத்தமான ஊடகம் அரிது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இம்மௌனம் எதன் விளைவு? பசியா, உழைப்பா, பகற்கனவா? சிற்பம் விடை கூறுவதில்லை. சூழலினின்று பிரிக்கப்பட்டுக் காட்சிக்கூடப் பீடத்தில் நிற்கையில், கிராமத்து வறுமை நகரச் செல்வரின் இனிய நினைவாக மாறிவிடும் அபாயம் உண்டு. இதனைச் சிற்பியின் குறையென்று மட்டும் கூறல் பொருந்தாது; கலை விலைப்பொருளாகும் சமூகத்தின் முரண்பாடும் ஆகும்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயாவிலிருந்து இச்சிற்பங்களைப் படங்களில் நோக்கும் நமக்கு இவ்வினா அயலானதன்று. தாய் கொழுந்தெடுக்கச் சென்றபின் பிள்ளை மடுவத்தில் காத்திருக்கும் மலையகக் குழந்தையின் மௌனத்தை நாம் அறிவோம். அம்மௌனத்துக்குக் காரணமும் வரலாறும் உண்டு. அக்குழந்தையை மண்ணில் வடிக்க முனையும் நம் கலைஞர், குழந்தையை அதன் மாண்புடன் காணும் பார்வையை ரெகுவிடம் கற்கலாம். அக்காரணத்தைப் புலப்படுத்தும் பொறுப்பைத் தாமே ஏற்றல் வேண்டும்.