மூன்றாவது நொடி

அமெரிக்காவில் பழைய செவ்ரலே பிக்கப் வண்டிக்குள் பிற்கால 5.3 லிட்டர் வி8 எஞ்சினை இறக்குகிறவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமி எழும். இரண்டு நொடியில் அடங்கிவிடும். பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. மூச்சை நிறுத்துவது எஞ்சினோடு வந்த கணினிப் பெட்டி. தான் பிறந்த வண்டியின் திருட்டுத் தடுப்புச் சாதனம் சொல்லும் அடையாளச் சொல்லுக்கு அது காத்திருக்கிறது. வராததால் எரிபொருளை அடைத்துவிடுகிறது. அந்த விசுவாசம் எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பெட்டியைச் சமாதானப்படுத்தும் கைகளை இன்னும் பிடிக்கும். ஒயர்க் கட்டை மேசையில் விரித்து, பிசுபிசுத்த டேப்பை உரித்து, வரைபடத்தோடு நிறம் நிறமாக ஒப்பிட்டு, வேண்டாததை மட்டும் உருவுகிற நிதானம். கனெக்டரின் கொக்கி 'டிக்'கென்று விழும் நிறைவு. அந்தத் திருட்டுத் தடுப்புச் சாதனத்தையும் கூடவே கொண்டுவந்தவர்கள் சாவியை ஆனில் வைத்து, டாஷ்போர்டின் 'செக்யூரிட்டி' விளக்கு அணையும்வரை 10 நிமிடம் காத்திருப்பார்கள். அப்படி மூன்று முறை. அரை மணி நேரம் எதையும் தொடாமல் ஒரு சிறு விளக்கைப் பார்த்திருப்பதும் கைத்திறன்தான். சாதனமே இல்லாதவர்கள் லேப்டாப்பை இணைத்து, அடையாளச் சொல் கேட்கும் வழக்கத்தையே கணினியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு சாவி. ஒன்று, இரண்டு... மூன்றாவது நொடியிலும் எஞ்சின் ஓடும். கரகரப்பு தணிந்து, அடித்தொண்டையில் சீராக முனகும். அதைக் கேட்க வாய்த்தால் பானெட்டை உடனே மூடிவிடாதீர்கள்.