வாரமும் கலகமும்

முடியாட்சிக்கு எதிராக மக்கள் ஏன் எழுகிறார்கள் என்று விளக்க 1789இன் பிரான்சைக் காட்டுவது வழக்கம்: குடியானவன் தலையில் வரி, பிரபுக்களுக்கு விலக்கு, விளைச்சல் பொய்த்த ஆண்டில் எட்டாத ரொட்டி விலை. ஏறத்தாழ அதே காலத்தில் இராமநாதபுரத்துச் சேதுபதிச் சீமையிலும் வறட்சியும் வரிச்சுமையும் இருந்தன. ஆனால் 1799இல் இங்கே மக்கள் ஆயுதம் எடுத்தது, கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், 1795இல் சிறைவைத்த முத்துராமலிங்க சேதுபதிக்காக. நெடுங்காலக் குறைகள் ஒரு கலகத்துக்கு விறகு சேர்க்கும். அது யார்மேல் பாயும் என்பதை வரி வாங்கும் முறைதான் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இங்கே அந்த முறையின் பெயர் வாரம்.

வடகிழக்குப் பருவமழையை நம்பியே பயிர் நிற்கும் பூமி இது. நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்கூட மழை பொய்த்தால் வெறும் தரைதான். விளைந்ததில் பங்கு வாங்குவதே வாரம் என்பதால், வறண்ட ஆண்டின் நட்டம் அரண்மனையையும் தொட்டது. கரையை உயர்த்துவதிலும் மடையைச் செப்பனிடுவதிலும் அரசனுக்கும் ஆதாயம் இருந்தது. அதற்காக வாரத்தைக் கருணை என்று சொல்லிவிட முடியாது. அதிகாரி வந்து மதிப்பிடும்வரை குடியானவன் கதிரில் கைவைக்க முடியாது. களத்தில் அளக்கும்போது கணக்குப்பிள்ளை முதல் காவல்காரர்வரை ஆளுக்கொரு பங்கு கேட்டார்கள். கூடுதலாக உழைத்து விளைத்தவன் கூடுதலாகவே இழந்தான். முறையின் நியாயம் ஏட்டில் இருந்தது, அநியாயம் களத்துமேட்டில் நடந்தது.

1799 வெறும் ராஜவிசுவாசம், அல்லது படைத்தலைவர்களான சேர்வைக்காரர்களின் சுயநலம் என்று சிலர் வாதிடுவார்கள். இதே சேதுபதி பஞ்ச காலத்திலும் தானியச் சுங்கத்தை விட்டுக்கொடுக்க மறுத்தவர் என்பதையும் சுட்டுவார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரரும் அவருடன் திரண்டவர்களும் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதிகளில் எதைத் தாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். கும்பினியின் கச்சேரிகளும் கிடங்குகளும்தான் இலக்கு. மழை பெய்ததா என்று கேளாமல் பணம் கேட்ட இடங்கள் அவை. அரசனிடம் குறை சொல்லவாவது வாசல் இருந்தது. கச்சேரியிடம் அதுவும் இல்லை.

1803இல் சீமை நிரந்தர ஜமீன் ஆனபின் அரண்மனையையும் குடியானவனையும் சேர்த்துவைத்த இந்தப் பிணைப்பு இற்றுப்போனது. ஜமீன்தார் கும்பினிக்குக் கட்டும் பேஷ்குஷ் மாறாத தொகை. குடியானவன் ஜமீனுக்குக் கொடுப்பது மட்டும் பழைய வாரமாகவே நெடுங்காலம் நீடித்தது. வாரிசு வழக்குகளும் கடனும் அரண்மனையைத் தின்றன. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு ஊக்கமளித்த பாஸ்கர சேதுபதியின் கொடை மெய்யாகவே பெரிது, ஆனால் கொடையால் கண்மாய் தூர் எடுபடவில்லை. 1908இன் எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவனுக்கு நிலத்தில் உரிமை தந்தது. 1948இன் ஒழிப்புச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டு ஜமீனே அரசின் கைக்குப் போனது. பிரான்ஸ் குருதி சிந்தி முடித்ததை இங்கே ஒரு சட்டம் முடித்தது. 1799இல் அரண்மனைக்காக உயிரைக் கொடுத்த சீமையில், 1949இல் அதைக் காக்க ஒரு கலகமும் எழவில்லை. அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வாரத்தின் உரிமையை வைத்துக்கொண்டு அதன் கடமையைக் கைவிட்டதற்கு அரண்மனை கொடுத்த விலை அது.