நெஞ்சம் மறப்பதில்லை (1963): பாழ்மாளிகையும் அச்சமும்

‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963ஆம் ஆண்டு வெளிவந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்த் திரைப்படம். ஸ்ரீதர் இயக்கினார். கல்யாண்குமார், தேவிகா, எம். என். நம்பியார் ஆகியோர் நடித்தனர். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். மறுபிறவிக் காதல் கதை என்றே இப்படம் பொதுவாக நினைவுகூரப்படுகிறது. தமிழில் பேய்வீட்டுப் படங்களின் முன்னோடிகளுள் ஒன்றாகவும் இதைக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

நண்பனின் ஊருக்கு வரும் இளைஞன், பாழடைந்த ஜமீன் மாளிகைக்குள் நுழைகிறான். முற்பிறவி நினைவு திரும்புகிறது. அப்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். அவன் காதலித்தது ஏழைப் பெண்ணை. அக்காதலை ஜமீன்தார் கொலையால் முடித்தார். கதைச் சுருக்கம் இவ்வளவுதான். இதைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது. படத்தைப் பார்க்கும்போது வருகிறது.

காரணம், விடையைத் தள்ளிப்போடும் முறை. இந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்பது முதலில் தெரிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்பது தெரிவதில்லை. அந்த இடைவெளியை வின்சென்டின் ஒளிப்பதிவு நிரப்புகிறது. வெளிச்சம் முகத்தில் ஒரு பகுதியைத் தொட்டு, மீதியை இருளில் விடுகிறது. இருட்டில் இருப்பதை நம் மனமே வரைந்துகொள்கிறது.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய செங்கல் கோட்டை அது. வெட்டவெளியில் கூச்சலிட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள், சுவருக்குப் பின்னால் கடல் மறைந்து அதன் ஓசை மட்டும் கேட்ட இடத்தில் தாமாகவே அடங்கிவிட்டனர். அங்கே பயப்பட ஒன்றுமில்லை. ஓசை இருந்தது, அது வரும் இடம் தெரியவில்லை, அவ்வளவே. இப்படத்தில் பெண்குரலின் ஹம்மிங் செய்வதும் அதுதான். சொற்கள் வருமுன்பே குரல் வந்துவிடுகிறது. கண்ணதாசனின் பாடல் இனிமையானது; அந்த இனிமையே கேட்பவரைக் கலங்கவும் வைக்கிறது.

பாழ்மாளிகையில் முற்பிறவி நினைவு திரும்புவது புதிதன்று. இந்தியில் பிமல் ராயின் ‘மதுமதி’ (1958) அதைச் செய்துவிட்டது. ஸ்ரீதர் சேர்த்தது நம்பியாரின் முதிய ஜமீன்தாரை. காதலர் இருவரும் இறந்து, பிறந்து, வளர்ந்து வந்த பின்னும் இவர் நூறு வயதைக் கடந்து உயிரோடிருக்கிறார். பகையும் அப்படியே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். படம் வெளிவந்தபோது ஜமீன் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. போய்விட்டது என்று நினைத்தது கூன் விழுந்த உடலோடு எழுந்து வருவதைப் பார்த்த அன்றைய ரசிகருக்கு, எந்தப் பேயும் தேவைப்பட்டிருக்காது. சாதி, அந்தஸ்து பார்த்துப் பெற்றவர்களே பிள்ளைகளைக் கொல்லும் செய்திகளை இன்றும் படிக்கிறோம். அதனால்தான் அக்கிழவர் இன்னும் பயமுறுத்துகிறார்.

குறையும் உண்டு. கொலை இன்னதென்று தெரிந்தபின் மாளிகையின் மர்மம் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது துரத்தல் மட்டுமே. நம்பியாரின் நடிப்புதான் இறுதிப் பகுதியைத் தாங்குகிறது. ஒப்பனையை மீறி அந்தக் கண்கள் பேசுகின்றன.

வின்சென்ட் அடுத்த ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ (1964) படத்தை இயக்கினார். இயக்குநராக அவருக்கு அது முதல் படம். வைக்கம் முகம்மது பஷீர் தம் ‘நீலவெளிச்சம்’ சிறுகதையைத் தாமே திரைக்கதையாக்கினார். ஆளில்லாத வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளர், அங்கே இறந்துபோன பெண்ணிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுக்கிறார். பதில் வருவதில்லை. அந்த மௌனத்தில் நாமும் காது கொடுத்துக் காத்திருக்கிறோம். நீளம் கூடுதல்தான் என்றாலும், சூழலால் அச்சமூட்டும் வகையில் தமிழ்ப் படத்தைவிட இதுவே ஒரு படி மேல். இரண்டையும் பார்க்க விரும்பும் மாணவர்கள் தமிழ்ப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் வேண்டாம், அந்த இருட்டு அதில் தெரியாது.