வண்டலூர் வந்துருச்சு, இறங்குங்க!

மின்சார ரயில் என்றாலே வில்லாபுரத்துக்காரனுக்குத் திருவிழாதான். மதுரையில் அது ஏது? அதனால் சென்னைக்கு வந்தால் அக்கா மகனைச் சாக்காக வைத்து வண்டலூர் ஜூவுக்குக் கிளம்பிவிடுவேன். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். டிக்கெட் 5 ரூபாய். எங்கள் ஏரியா டீக்கடையில் அந்தக் காசுக்கு அரை டீகூடத் தர மாட்டார்கள்!

பெட்டியில் யார் யார் ஜூவுக்குப் போகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். பெருங்களத்தூர் தாண்டியதுமே புளியோதரை வாசனையோடு கூடைகள் வாசல் பக்கம் நகரும். "மாமா, இந்த ரயிலு ஜூக்குள்ளயே போகுமா?" என்றான் மருமகன். எதிர் சீட்டு அம்மா முறுக்கை நீட்டி, "சிங்கம் டிக்கெட் கேக்கும்டா ராசா, பத்திரமா வச்சுக்க" என்றார். அவன் இறங்கும்வரை டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்திருந்தான்.

ஸ்டேஷன் ஒன்றும் அரண்மனை இல்லை. ஆனாலும் அந்த மஞ்சள் பலகையில் 'வண்டலூர்' என்று பார்த்ததும் எனக்கும் பத்து வயதாகிவிடுகிறது. 1855-இல் எட்வர்ட் பால்ஃபோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் கூட்டம்தான் இந்த ஜூ. பிறகு சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. பார்க் டவுன் என்ற பெயரே அந்தப் பூங்காவால் வந்ததுதான். அங்கும் இடம் நெருக்கடியாகி, 1985-இல் வண்டலூர் காட்டில் திறந்தார்கள். இப்போது 600 ஹெக்டேருக்கு மேல். இரண்டு முறை வீடு மாறியும், ரயில் சத்தத்தை விட்டு இந்தப் புலிகள் தள்ளிப் போகவே இல்லை பாருங்கள்!

ஒருமுறை செவ்வாய்க்கிழமை வந்து ஏமாந்தேன். அன்று ஜூவுக்கு வார விடுமுறை. பிளாட்பாரத்தில் கூடையும் குழந்தையும் இல்லாததைப் பார்த்தே சுதாரித்திருக்க வேண்டும்; கேட் வரை நடந்து பூட்டைத் தரிசித்துவிட்டு வந்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாயங்கால பிளாட்பாரம்தான். அப்பா தோளில் ஒரு வாண்டு வாய் பிளந்து தூங்குகிறது, ஒற்றைச் செருப்பு மட்டும் காலில். மருமகன் பெஞ்சில் ஏறி நின்று நீர்யானை மாதிரி கொட்டாவி விட்டுக் காட்டினான். பக்கத்துப் பையன் உறுமினான். இன்னொருத்தி மயிலானாள். தூரத்தில் தாம்பரம் வண்டி ஹாரன் அடித்தது.

"மாமா, யானை!" என்றான்.