தெரிவு யாருடையது? அகதிப் பயணத்தைச் சொல்லும் மூன்று ஊடாடும் படைப்புகள்

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்கிறான். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே விஷயத்துக்கு வந்தான். "சேர், 1990 ஒக்டோபர வச்சு ஊடாடும் கதை ஒண்டு செய்வோம். பாக்கிற ஆளே தெரிவு செஞ்சு தெரிவு செஞ்சு போகணும். யாழ்ப்பாணத்தில வீட்ட விட்டு இறங்கிறதில இருந்து புத்தளம் வந்து சேருற வரைக்கும். கதைய நீங்க எழுதித் தாங்க."

அவன் புத்தளத்து அகதி முகாமில் பிறந்த பிள்ளை. நான் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, பதினொரு வயதில் புத்தளத்துக்கு வந்தவன். ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இப்படிச் செஞ்ச நல்ல வேலை ஏதும் இருந்தாக் காட்டு, பாத்திட்டுச் சொல்றன்" என்றேன். மூன்றைக் காட்டினான். மூன்றும் சிரிய அகதிகளைப் பற்றியவை. இரண்டு மாதமாக அவற்றைப் பார்த்தும் வாசித்தும் விளையாடியும் எனக்குப் பட்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஊடாடும் ஊடகம் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. வாசகர் கைவைத்தால்தான் கதை நகரும். அடுத்து என்ன என்பதை அவர் சொல்ல வேண்டும், அல்லது எங்கே பார்ப்பது என்பதையாவது அவர் தீர்மானிக்க வேண்டும். 2010க்குப் பின் பெரிய செய்தி நிறுவனங்கள் பலவும் இதில் இறங்கின. வெறுமனே வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவரைவிட, தானே ஒரு முடிவெடுத்தவர் கதையோடு ஒட்டிக்கொள்வார் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு பிழையில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டவர் எதை விளங்கிக்கொண்டு எழும்பிப் போகிறார் என்ற கேள்வி அதற்குள் அடங்காது.

முதலாவது, பிபிசி 2015 ஏப்ரலில் வெளியிட்ட சிரியப் பயணம். நீங்கள் சிரியாவை விட்டு வெளிக்கிட்டு ஐரோப்பாவுக்குப் போகும் குடும்பம். எகிப்துக்குப் போவதா, துருக்கிக்குப் போவதா? கடலா, தரையா? ஒவ்வொரு சந்தியிலும் நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். சில வழிகள் ஐரோப்பாவில் முடியும். சில வழிகள் கடலில் முடியும். உண்மையான அகதிகளின் அனுபவங்களைத் திரட்டித்தான் இதைச் செய்திருந்தார்கள்.

இதை என் உயர்தர வகுப்பில் வைத்துப் பார்த்தேன். வகுப்பில் கணினி கிடையாது. போனில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கையை உயர்த்தி முடிவெடுத்தார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனோம். வழக்கமாகப் பின்வாங்கில் தூங்குகிற பொடியன்கூட எழும்பி நின்று, "தரையால போவம், கடல் வேணாம்" என்று கத்தினான். ஈடுபடுத்தியதா என்று கேட்டால், ஈடுபடுத்தியது. இலக்கியப் பாடத்தில் அந்த வகுப்பை அப்படி நான் கண்டதில்லை.

முதல் தடவை எங்கள் குடும்பம் பிழைக்கவில்லை. திரும்பவும் தொடங்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை வேறு வழியால் போய்க் கரைசேர்ந்தோம். வகுப்பே கைதட்டியது. அப்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று சொன்னது: "விளங்கிட்டு சேர். செத்துப்போனவங்க பிழையான வழியத் தெரிவு செஞ்சிருக்காங்க."

அந்தப் பிள்ளையில் குற்றமில்லை. படைப்பின் வடிவம் கற்றுக்கொடுத்ததை அது சரியாகப் படித்திருந்தது. சந்திக்குச் சந்தி தெரிவை வைத்து, ஒரு தெரிவுக்குப் பரிசும் மற்றதற்குத் தண்டனையும் கொடுத்தால், முடிவில் நிற்பவருக்கு என்ன தோன்றும்? தப்பியவர் புத்திசாலி, மாண்டவர் பிழைவிட்டவர் என்றுதானே தோன்றும். போரைத் தொடக்கியவரும், எல்லையை மூடியவரும், ஓட்டை வள்ளத்துக்குக் காசு வாங்கியவரும் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். பழி முழுவதும் பயணியின் தலையில் வந்து இறங்குகிறது.

இது வெளிவந்தபோது, மனிதத் துயரை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் சில கண்டித்தன. என் குறை அதுவல்ல. துயரத்தை எந்த வடிவத்திலும் சொல்லலாம், விளையாட்டிலும் சொல்லலாம். இல்லாத அதிகாரத்தை இருந்ததாகக் காட்டுவதுதான் என் குறை.

இந்தக் குறை எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். வழியில் நின்ற ஆயுததாரிகள் பையையும் உம்மாவின் காதில் கிடந்ததையும் வாங்கிக்கொண்டார்கள். திறப்பு மட்டும் மிஞ்சியது. புத்தளத்தில் நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் கூடப் படித்த பிள்ளைகள் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஏன் நீங்க முந்தியே வெளிக்கிட்டு வரல்ல?" பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உம்மா மட்டும் சாகிற மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தா. "அண்டைக்கு நகைய முந்தியே கொழும்புக்கு அனுப்பியிருந்தா... ஒங்கட சாச்சா கூப்பிட்ட நேரம் போயிருந்தா..." என்று.

அந்த 'இருந்தா'க்களை உம்மா ஒரு நாளும் விளையாட்டாகச் சொன்னதில்லை. அவவை அது தின்றது. பிபிசியின் படைப்பு அந்த 'இருந்தா'வை எடுத்து வாசகரின் கையில் பொத்தானாகக் கொடுக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறது. ஆனாலும் என் கை கூசியது.

இரண்டாவது, 'சித்ராவின் மேலே மேகங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 2015இல் வந்த எட்டரை நிமிடப் படம். ஜோர்தானின் சாதாரி முகாமில் வாழும் 12 வயதுச் சிறுமி சித்ரா பேசுகிறாள். கேபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் ஐக்கிய நாடுகள் சபைக்காகச் செய்தது. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டால் முகாமின் நடுவில் நாம் நிற்பது போலிருக்கும். தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் முகாம் தெரியும். என்னிடம் கருவி இல்லை. போனைக் கையில் பிடித்து நாற்காலியில் சுழன்று சுழன்று பார்த்தேன். அப்போது 80,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த முகாம் அது. வகுப்பறை, ரொட்டி சுடும் இடம், பந்தடிக்கும் பெண்பிள்ளைகள். பிள்ளைகள் கிட்ட வந்து நம் முகத்தையே பார்க்கிறார்கள்.

இங்கே நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் முதலாவதின் பொய் இதில் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்று கிறிஸ் மில்க் அதே ஆண்டு மேடையில் புகழ்ந்தார். தாவோசில் கூடிய உலகப் பொருளாதார மாநாட்டில் அதிகாரமுள்ளவர்களுக்குப் படத்தைக் காட்டினார்கள். நிதி திரட்டவும் பயன்படுத்தினார்கள். முகாமுக்கு நன்மை வந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்கள் முகாமுக்கும் கமெராவோடு ஆட்கள் வந்தார்கள். கிடுகுக் கொட்டிலின் வாசலில் எங்களை நிறுத்தி எடுத்தார்கள். படத்தில் நாங்கள் எப்படியிருந்தோம் என்று எங்களுக்குத் தெரியாது. யார் பார்த்தார்கள் என்றும் தெரியாது. சித்ராவை எல்லாத் திசையிலும் பார்க்க நமக்கு முடிகிறது. நம்மைப் பார்த்து ஒன்று கேட்க சித்ராவுக்கு முடியாது. எட்டரை நிமிடம் பக்கத்தில் நின்றதால் அவளை அறிந்துவிட்டோம் என்ற திருப்தியோடு எழும்புவது, அறியாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் ஆபத்தானது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 2017இல் பிரான்சிலிருந்து வந்த கைத்தொலைபேசி விளையாட்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'என்னை அடக்கம் செய், என் அன்பே'. ஷாம் நாட்டு அரபுப் பேச்சில் அன்பாகச் சொல்லும் வார்த்தை அது. உனக்கு முந்தி நான் போய்ச் சேர வேண்டும், உன் மௌத்தை நான் காணக் கூடாது என்பது கருத்து. நம் வீட்டுக் கிழவிகளும் "எனக்கு நீதான் மூணு பிடி மண் போடணும்" என்று சொல்லித்தானே பேரப்பிள்ளையை அணைப்பார்கள்.

கதை எளிது. வைத்தியரான நூர் ஹோம்ஸ் நகரை விட்டு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். கணவன் மஜ்த் குடும்பத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறான். நாம் மஜ்த். நம்மிடம் இருப்பது போன் மட்டும். வட்ஸ்அப் போன்ற ஒரு திரையில் அவள் எழுதுவாள், நாம் பதில் எழுத வேண்டும். ஒரு சிரியப் பெண் தன் பயணத்தில் குடும்பத்தோடு பரிமாறிய செய்திகளை வைத்துப் பிரெஞ்சு நாளிதழான லு மொந்த் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு வித்து. அந்தப் பெண்ணையும் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டே செய்திருக்கிறார்கள்.

தெரிவு இதிலும் இருக்கிறது, ஆனால் அது பயணியின் தெரிவல்ல. தூரத்தில் இருப்பவர் புத்தி சொல்லலாம், பயப்படலாம், பகிடி விடலாம், அவ்வளவே. சில நேரம் நூர் கேட்பாள். சில நேரம் கேட்கமாட்டாள். நாம் எழுதும் சொல் அவளுடைய மனத்தென்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதன் விளைவு எங்கேயோ பின்னால் வந்து நிற்கும். சில மணித்தியாலங்கள் அவளிடமிருந்து ஒன்றும் வராது. உண்மை நேரத்திலேயே காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அசருக்குப் பிறகு "வள்ளத்துக்குப் போறம்" என்ற மாதிரி ஒரு செய்தி வந்தது. இஷா தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. தஹஜ்ஜுத் நேரத்திலும் போனைத் தூக்கிப் பார்த்தேன். கற்பனைப் பெண் ஒருத்திக்காக நான் காத்திருப்பதை என் மனைவி கண்டு சிரித்தா. 1990இல் வவுனியா வழியாக வந்துகொண்டிருந்த எங்களைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காமல் கொழும்பில் இருந்த சாச்சாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக அது எனக்குத் தோன்றவில்லை.

படைப்பில் குறை இல்லாமலில்லை. மொத்தம் 19 முடிவுகள் வைத்திருக்கிறார்கள். கூடாத முடிவு வந்ததும் நானும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். என் வகுப்புப் பிள்ளைகள் செய்த அதே வேலை. எண்ணிக்கை என்று ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் சேர்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்போது நூர் ஆளாக இல்லாமல் புதிராகிவிடுகிறாள். ஆனாலும் மூன்றில் உண்மைக்குக் கிட்ட நிற்பது இதுதான். அந்த மனிதருக்கு எவ்வளவு கை கட்டப்பட்டிருந்ததோ, அவ்வளவுக்கு வாசகரின் கையையும் இது கட்டுகிறது.

கேட்பவரையும் கதைக்குள் இழுப்பது நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் இஸ்லாமிய இலக்கியம் என்று அறிஞர்கள் கூறும் ஆயிர மசலா, 1572ஆம் ஆண்டுக்குரியது. வண்ணப்பரிமளப் புலவர் பாடியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார், நபி (ஸல்) அவர்கள் விடை சொல்கிறார்கள். மசலா என்றாலே கேள்விதான். அங்கே நூலை நகர்த்துவது கேள்வி. கேட்பவருக்கு விடையை மாற்றும் அதிகாரம் இல்லை, கேட்கும் உரிமை இருக்கிறது. அகதியின் கதைக்குப் பொருந்தும் ஊடாட்டம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நடந்ததை மாற்றும் பொத்தானை வாசகருக்குக் கொடுக்கத் தேவையில்லை. நடந்ததைக் கேட்கும் வாயைக் கொடுத்தால் போதும்.

என் மாணவனுக்குப் போன வெள்ளிக்கிழமை பதில் அனுப்பினேன். எழுதித் தருகிறேன், மூன்று நிபந்தனை என்றேன். ஒன்று, 2 மணித்தியாலத்தில் பைக்குள் எதை வைப்பது என்பதை வாசகர் தெரிவு செய்யட்டும். எதை வைத்தாலும் வழியில் அது பறிபோக வேண்டும். நல்லதைத் தெரிவு செய்தவருக்குப் பரிசு கிடையாது. இரண்டு, திரும்பத் தொடங்கும் பொத்தான் வேண்டாம். மூன்று, புத்தளம் வந்து சேர்ந்ததும் கதை முடியக் கூடாது. நம்மிடையே இன்னும் ஹயாத்தோடு இருக்கும் மூத்தவர்களின் குரலைப் பதிந்து வைக்க வேண்டும். வாசகர் கேட்க, அவர்கள் சொல்ல வேண்டும். "ஏன் முந்தியே வெளிக்கிட்டு வரல்ல?" என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும். சொல்ல விரும்பாதவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையும் வெட்டாமல் வைக்க வேண்டும்.

அவன் ஒத்துக்கொண்டான். இரண்டாவது நிபந்தனையில் மட்டும் தர்க்கம் பண்ணுகிறான், ஆட்கள் திரும்ப வரமாட்டார்களாம். அதைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் குரல் பதிவு காத்திருக்காது. என் வாப்பாவும் உம்மாவும் போய்விட்டார்கள். சாச்சாவுக்கு இப்போது 81 வயது, காது மந்தம். வருகிற லீவில் போனை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம்தான் போகப் போகிறேன். வாசகர்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.